சைதாப்பேட்டையில் ஒரு சர்க்கார் பண்ணை

சைதாப்பேட்டை என்றதும் சென்னைவாசிகளுக்கு ரயில் நிலையமும், கடைத்தெருவின் நெரிசலும், அடையாற்றுப் பாலமும் நினைவுக்கு வருமேயன்றி, ஏரும் எருவும் நினைவுக்கு வருவதற்கு நியாயமில்லை. ஆயினும், 160 ஆண்டுகளுக்கு முன்னே, பட்டணத்துக்கு வெளியே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊராக இது இருந்த காலத்தில், நம் நாட்டு உழவனுக்கு உழவுத் தொழிலைக் கற்றுக் கொடுப்பதற்கென்று சர்க்கார் ஒரு பெரும் பண்ணையை இங்கேதான் நிறுவினார்கள். ஆயிரம் தலைமுறையாக உழுது வருகிறவனுக்கு உழக் கற்றுக் கொடுப்பதா என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். அவசரப்பட வேண்டாம், கதை அவ்வளவு எளிதன்று.

1861 முதல் 1866 வரையில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் ஸர் வில்லியம் டெனிஸன். அவர் தொழிலால் இன்ஜினீயர். ராணுவத்தில் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். ஆஸ்திரேலியப் பகுதிகளிலும் கவர்னராக இருந்துவிட்டு வந்தவர். இன்ஜினீயரின் கண்ணுக்கு நம் நாட்டு வயல் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இரண்டு மாடுகள், ஒரு மரக்கலப்பை, அதன் நுனியில் விரல் கனத்துக்கு ஓர் இரும்புக் கொழு. இங்கிலாந்திலோ அப்போது நீராவியினால் நிலத்தை உழுதார்கள். ஆகவே 1864-ல் நீராவிக் கலப்பைகள், கட்டி உடைக்கும் பலுகுகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் யந்திரங்கள், தூற்றும் யந்திரங்கள், நீர் இறைக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் சீமையிலிருந்து கப்பலில் தருவித்தார். இவற்றைப் பரீட்சை செய்து பார்க்கவே 1865-ல் சைதாப்பேட்டையில் சுமார் 350 ஏக்கரில் பண்ணை எழுந்தது. முதலில் ஒரு கமிட்டியார் இதை நிர்வகித்தார்கள். 1871-ல் சர்க்காரே நேராகக் கையில் எடுத்துக் கொண்டார்கள்.

நீராவிக் கலப்பை என்பது என்ன என்று இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும். அது டிராக்டரைப்போல் வயலுக்குள் ஓடுவதன்று. ரயில் இன்ஜினை ஒத்த பாரமான யந்திரம் வயலின் ஓரத்தில் நிற்கும். அதன் உருளையில் சுற்றிய நீண்ட இரும்பு வடம், பல கொழுக்கள் பூட்டிய கலப்பையை வயலின் குறுக்கே இழுத்துச் செல்லும். அதற்கு அகன்ற, வரப்பில்லாத, சமமான நிலம் வேண்டும், நிலக்கரி வேண்டும், யந்திரம் அறிந்த ஆள் வேண்டும், ஒரு திருகாணி உடைந்தால் புதிது வரும் வரையில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். நம் குடியானவனுடைய நிலமோ பாகப்பிரிவினையினால் துண்டு துண்டாகி, வரப்புக்குள் வரப்பாகக் கிடப்பது. அவனுடைய கலப்பையை ஊர்த் தச்சனும் கொல்லனும் ஒரு பகலில் செய்து கொடுப்பார்கள்; கூலியைக் களத்தில் நெல்லாக வாங்கிக் கொள்வார்கள். மாலையில் அதைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு திரும்பலாம். இந்த இரண்டு கலப்பைகளுக்கும் இடையே கடலளவு தூரம் இருந்தது என்றால் மிகையாகாது.

நாட்டுக் கலப்பை நிலத்தை ஆழ உழாமல் மேலே கீறுகிறது என்பது அக்காலத்துத் துரைமார்களின் பெரிய குறை. ஆழ உழுவதால் நன்மையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. களைச் செடிகளின் வேரை அறுக்க வேண்டிய கரிசல் நிலத்தில் அது அவசியமே. ஆனால் சைதாப்பேட்டைப் பக்கத்து மண் மணற்பாங்கானது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலே கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். அத்தகைய மண்ணைக் கண்ட பருவத்தில் ஆழப் புரட்டினால் அடியிலுள்ள கொஞ்ச ஈரமும் மேலே வந்து உலர்ந்துபோகும். குளிர்ந்த, ஈரம் மிகுந்த சீமை நிலத்துக்கு ஏற்ற சாஸ்திரம் இங்கே தலைகீழாக நின்றது.

பண்ணையில் இருந்தவர்களைப் பரிகாசம் செய்வது நம் நோக்கமன்று. அதன் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் உழைத்த ராபர்ட்ஸன் சோம்பேறியல்லர். பயிர், உரம், தீவனம், கால்நடை என்று பலவற்றிலும் சோதனை நடத்தி, ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். பென்ஸன் என்பவர் பண்ணையைப் பற்றி ஒரு கைந்நூலே இயற்றினார். கோளாறு மனிதர்களிடத்தில் இல்லை. கேள்வி கேட்ட முறையில் இருந்தது. சீமையில் பலித்தது இங்கே பலிக்குமா என்று பார்த்தார்களேயன்றி, இங்கே இருப்பது ஏன் இப்படி இருக்கிறது என்று வெகுகாலம் கேட்கவில்லை.

கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தார் தங்கள் சரித்திரத்தை 1868-ல் சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறார்கள். 1876-ல் இங்கே விவசாயக் கல்வி முறையாக நடைபெறலாயிற்று. அந்த ஆண்டை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவ்வாண்டே மழை பொய்த்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்த கொடிய பஞ்சம் தொடங்கி 1878 வரையில் நீடித்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். சைதாப்பேட்டையில் மாணாக்கர்கள் மண்ணின் ரசாயனத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, குடியானவன் உழுவதற்கு மாடும் இன்றி, விதைப்பதற்கு நெல்லும் இன்றி, கூலி தேடிச் சாலையில் நடந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது இரும்புக் கலப்பையா, ஏரியில் தண்ணீரா? படித்துத் தேறிய மாணாக்கர்களிலும் பலர் நாடியது வயலையன்று, சர்க்கார் உத்தியோகத்தையே. நம்மவர்களுடைய பழைய வியாதி இது. அதற்குப் பண்ணையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பஞ்சத்தை ஆராய்ந்த கமிஷன் 1880-ல் செய்த சிபார்சின்படி, 1882-ல் சென்னை ராஜதானியில் விவசாய இலாகா ஏற்பட்டது. அதன்பின் 1889-ல் இந்திய விவசாயத்தைப் பார்த்து வரும்படி டாக்டர் வோல்கர் என்ற ரசாயன நிபுணரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேலாகத் தேசம் முழுவதும் சுற்றிய அவர், 1893-ல் வெளியான அறிக்கையில், அனுப்பியவர்கள் எதிர்பாராத செய்தியைச் சொன்னார். இந்தியக் குடியானவன் அறிவில்லாதவன் என்பது பொய். தன் மண்ணின் இயல்பையும், விதைக்கும் நாளையும், அறுக்கும் நாளையும், நீர் இறைக்கும் உபாயங்களையும் அவன் நன்கறிவான். நல்ல உழவன் ஒருவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்கு இளைத்தவனல்லன், சிலவற்றில் மேலானவன் என்பது அவர் முடிவு. அவனுக்கு இல்லாதவை வசதிகள்தாம் என்றும் கூறினார். எருவாக வேண்டிய சாணம் விறகில்லாமையால் அடுப்பில் எரிகிறதே என்று அவர் வருந்தியதை இன்றும் படிக்கலாம். அடிமைப்பட்ட தேசத்தில் நம் உழவனைப்பற்றி நாமே சொல்லத் தயங்கியதை ஓர் ஆங்கிலேயர் சொல்ல நேர்ந்தது!

1906-ல் விவசாயக் கல்வி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கரிசலும் செம்மண்ணும், கிணற்றுத் தோட்டமும், நொய்யல் பாயும் நன்செயும் அருகருகே கிடக்கின்றன. பரீட்சைக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. ஆராயும் முறையும் அங்கே மாறியது. 1912-ல் கோயம்புத்தூரில் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வெளிநாட்டு விதையைத் தேடி ஓடாமல், நம் வயல்களில் விளைந்த நெல்லையே பொறுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். கோணமணி என்ற நாட்டு நெல்லிடையே தனியாகத் தோன்றிய ஒரு செடியிலிருந்து 1921-ல் வெளிவந்ததுதான் ஜி.இ.பி. 24. இப்பெயரை நம் இல்லத்தரசிகள் கேட்டிருக்க மாட்டார்கள். கிச்சிலிச் சம்பா என்றால் அரிசியின் மணமே நினைவுக்கு வந்துவிடும். பிற்காலத்தில் எத்தனையோ நெல் வகைகளுக்கு அது தாயாயிற்று. நீராவிக் கலப்பை செய்யாததைக் கோணமணியின் ஒற்றைச் செடி செய்தது. அந்த விவசாயக் கல்லூரி 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, 1971-ல் தானே பல்கலைக்கழகமாயிற்று.

சைதாப்பேட்டை என்னவாயிற்று? பட்டணம் தெற்கே நகர்ந்தது. வடக்கே இருந்த மாம்பலத்துப் பெரிய ஏரி தூர்ந்து தியாகராய நகராயிற்று. ஏரி போனபின் ஏர் எதற்கு? உழுத நிலங்களில் கல்விக்கூடங்களும் குடியிருப்புகளும் எழுந்தன; இன்று மண்ணுக்கு அடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. 1946-ல் சைதாப்பேட்டையையும் சுற்றியுள்ள ஊர்களையும் நகரசபையோடு சேர்த்தபோது, அவ்வூர்களின் வரிசையில் ‘கவர்ன்மெண்ட் பார்ம்’ என்பதும் ஓர் ஊராகவே இடம் பெற்றது. அந்தப் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தை நிதானமாகப் படித்தால், கிராமத்தின் பெயர் எழுதும் இடத்தில் அந்தப் பண்ணையைக் காண்பார்கள்.