இறக்குமதி இரும்புக்கு வேலி: ஹந்தானையிலிருந்து ஒரு கணக்கு

ஹந்தானையில், லயத்துக்குப் பக்கத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில் என் சித்தப்பா வீடு கட்டுகிறார். தூணுக்குக் கம்பி வாங்க அவரோடு கண்டி டவுனுக்குப் போனேன். விலையைக் கேட்டதும், 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 10 போட்டால் போதுமா என்று மேசன் பாஸிடம் தொலைபேசியில் கேட்டார். "மண் சரியுற இடம். கம்பியில கை வைக்காதீங்க அண்ணே" என்று பதில் வந்தது.

திரும்பும்போது சித்தப்பா கேட்டார்: "வெளிநாட்டில இரும்பு மலிவாமே, அதைத் தாராளமா விட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். உலக உருக்கில் பாதிக்கும் மேல் சீனாவில் உற்பத்தியாகிறது. அங்கே கட்டுமானம் மந்தமானால் மிஞ்சும் இரும்பு பிற நாட்டுச் சந்தைகளில் வந்து குவிகிறது. மலிவு இரும்பால் உள்ளூர் ஆலை மூடப்பட்டால் வேலைகள் போகும். பிறகு விலை ஏறினாலும் ஆலை உடனே திரும்பி வராது. இதற்காகத்தான் உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகள் 'பாதுகாப்பு நடவடிக்கை' என்ற வழியை வைத்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் இந்தியா சில தட்டை உருக்கு வகைகளுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீதத் தற்காலிக வரி விதித்தது இந்த வழியில்தான்.

இலங்கையின் நிலை கொஞ்சம் வேறு. இங்கே பெருமளவில் தாதுவிலிருந்து உருக்கு எடுப்பதில்லை. ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதி செய்த உருக்குக் கட்டைகளைச் சூடாக்கி உருட்டிக் கம்பியாக்குகின்றன. சோவியத் உதவியுடன் ஒருவெலவில் உருவான அரச உருக்கு ஆலையும் 1996இல் தனியார் கைக்குப் போனது. ஆகவே இங்கே காக்கப்படுவது உருட்டும் தொழிலும் அதில் உள்ள வேலைகளும்.

அதற்கான சட்டம் நம்மிடம் இருக்கிறது: 2018ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம். ஏற்றுமதி நாட்டின் வழமையான விலைக்கும் குறைவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் சட்டம் வேறு. அது அதே ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். பாதுகாப்பு நடவடிக்கைக்கு எதிர்த்தரப்பு தவறு செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றை நிரூபிக்க வேண்டும்: இறக்குமதி திடீரெனப் பெருகியது, உள்ளூர்த் தொழிலுக்குக் கடும் பாதிப்பு, இரண்டாவது முதலாவதால்தான் வந்தது. பகிரங்க விசாரணை நடக்க வேண்டும். உலக விதிப்படி முதலில் 4 ஆண்டுகள்தான். வளர்முக நாடுகள் மொத்தமாக 10 ஆண்டுகள் வரை நீட்டலாம். ஓராண்டைத் தாண்டினால் வரியைப் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டும்.

விதியை மீறினால் பதிலடி வரலாம். 2002இல் அமெரிக்கா உருக்குக்கு 30 சதவீதம் வரை வரி போட்டது. அது விதிமீறல் என்று 2003 நவம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே வரி விலக்கப்பட்டது. தேயிலையை ஏற்றுமதி செய்து வாழும் நமக்குப் பதிலடி சிறிய விடயமல்ல.

இலங்கையில் பழகிப்போன கருவியோ செஸ் வரி. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். பாதிப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. எப்போது முடியும் என்றும் சொல்ல வேண்டியதில்லை. வீடு கட்டுகிறவரின் பக்கத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை. பாதுகாப்பு நடவடிக்கை விசாரணையிலோ, இது பொதுநலனுக்கு ஏற்றதா என்று பாவனையாளரும் வந்து சொல்ல வாய்ப்பு உண்டு.

ஆலைத் தொழிலாளிக்கு வேலி தேவைப்படலாம். அந்த வேலியின் செலவைக் கொடுப்பவர் சித்தப்பா. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

கடைசியில் 12 மில்லிமீட்டர் கம்பியைத்தான் வாங்கினோம். ஓர் அறையைப் பிறகு கட்டுவதாக முடிவு.