மண்கட்டி சொல்லும் இருப்பு

ஐப்பசி மழை நம்ம வயலுக்குள் இறங்குமா, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போகுமா? மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள எளிய வழி இருக்குங்க.

உழுத வயலில் ஒரு மண்கட்டி, உழவு படாத வரப்பு மரத்தடியில் ஒரு மண்கட்டி எடுத்துக் காய வையுங்கள். தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடி டம்ளர்களில் மெல்லப் போடுங்கள். பெரும்பாலும் உழுத கட்டி சில நிமிடத்தில் கரைந்து சேறாகிவிடும். மரத்தடிக் கட்டி நிற்கும்.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் காற்றும் நீரும் இருக்கும் துளைகள்தான். மணல், வண்டல், களித் துகள்களை ஒட்டவைத்து அந்தத் துளைகளைக் காப்பது மட்கு, வேர்க்கசிவு, பூஞ்சை இழைகள். இந்தப் பசை குறைந்தால் மழைத்துளி பட்டதுமே துளை அடைபடும். மேலே ஏடு கட்டும், முளை முட்டி வெளியே வராது.

டம்ளர் தண்ணீர் பால்போலக் கலங்கியே நின்றால் களர்த்தன்மை இருக்கலாம். மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு நிறுத்தாமல் அங்ககக் கரிமத்தையும் பாருங்க. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே என்றால் நல்ல நிலை. வங்கியில் இருந்தவன் சொல்கிறேன்: இருப்பைப் பார்க்காமல் செலவுக்கு இறங்காதீங்க. பலதானிய விதைப்பு, மூடாக்கு, மட்கிய தொழுவுரம், குறைந்த உழவு இவைதான் வைப்புத்தொகை. வட்டி மெதுவாகத்தான் ஏறும். அடுத்த ஐப்பசிக்கு முன் மறுபடி கட்டியைப் போட்டுப் பாருங்க.