சிறு காணிக்குப் பழைய உழவு இயந்திரம்: லோடரும் அதன் சுமையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தில், படுவான்கரை என வழங்கும் நிலப்பரப்பின் தென்பகுதியில் அமைந்த மண்டூரிலும் அதைச் சூழ்ந்த போரதீவுப்பற்றுக் கிராமங்களிலும், ஒரு குடும்பத்தின் காணி பெரும்பாலும் ஒரே துண்டாக இருப்பதில்லை. வீடு நிற்கும் மேட்டுநில வளவு ஓரிடத்திலும், வேளாண்மை செய்யும் வயல் வட்டை வேறோரிடத்திலும், மாட்டுப்பட்டி இருப்பின் அது இன்னும் தள்ளியும் அமைந்திருக்கும். இவற்றுக்கிடையே எருவும் மண்ணும் வைக்கோலும் நெல்மூட்டையும் ஆண்டு முழுவதும் இடம்பெயர வேண்டியிருப்பதால், உழுவதற்கு மட்டுமன்றி அள்ளுவதற்கும் தூக்குவதற்கும் உதவுமாறு, முன்புறத்தில் லோடர் பூட்டிய பழைய சிறிய உழவு இயந்திரம் ஒன்றை வாங்கும் எண்ணம் சிறு காணிக்காரரிடம் எழுவது இயல்பு. லோடர் என்பது இரண்டு இரும்புக் கைகளும், அவற்றின் முனையில் மண் அள்ளும் பக்கெட்டும், அவற்றை ஏற்றி இறக்கும் எண்ணெய் அழுத்த உருளைகளும் சேர்ந்த அமைப்பாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு சில வாரங்களுக்குள் 360 ரூபா அளவுக்குச் சரிந்ததும், புதிய இயந்திரத்தைச் சிறு கமக்காரரின் கைக்கு எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டன. ஆதலால் பழையது வாங்குவது இன்று பலருக்கு விருப்பம் அன்று, ஒரே வழி.

முதலில் எழ வேண்டிய கேள்வி எந்த இயந்திரம் என்பதன்று, லோடர் உண்மையிலேயே தேவையா என்பதாகும். இலங்கையில் மணலும் கிரவலும் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஈர மணல் கன அடிக்கு ஏறத்தாழ 55 கிலோ இருக்கும் என்பதால், 6 கன அடி கொள்ளும் சிறிய பக்கெட் ஒரு முறை நிரம்பினால் 330 கிலோ, ஒரு கியூப்பை ஏற்றி முடிக்க 17 முறை முன்னும் பின்னும் ஓட வேண்டும். வாடகைக்கு வரும் பெக்கோ இயந்திரம் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். வீட்டு அத்திவாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளம் அரித்த வளவை நிரப்ப இன்னொரு தடவை என்ற அளவில் மண் வேலை உள்ளவர், லோடருக்கெனக் கூடுதல் விலை கொடுப்பதைவிட மணித்தியாலக் கூலிக்குப் பெக்கோவை அழைப்பதே மலிவு. மாறாக, பட்டி எருவை வாரந்தோறும் அள்ளுபவருக்கும், செங்கல் சூளை வைத்திருப்பவருக்கும், தென்னங்காணியில் உரக்குழி வெட்டி மூடுபவருக்கும் லோடர் கூலியாளின் இடத்தை நிரப்பும். சிறிய அளவில், ஆனால் அடிக்கடி வரும் வேலைதான் லோடரின் விலையை மீட்டுத் தரும்.

படுவான்கரையில் கைமாறும் இயந்திரங்கள் மூன்று வகையின. லேண்ட்மாஸ்டர் என்று மக்கள் அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தில் லோடர் பூட்ட முடியாது. அதை இங்கே விட்டுவிடலாம். அடுத்தது, 35 முதல் 47 குதிரைவலு வரையிலான மெசி பெர்குசன், டாபே வகை நாலு சில்லு மெசின்கள். மூன்றாவது, ஜப்பானின் சிறிய வயல்களுக்கென உருவாகி, அங்கே பயன்பட்டபின் இறக்குமதியான குபோட்டா, யன்மார், இசேக்கி போன்றவை. இவற்றுள் பல 15 முதல் 30 குதிரைவலு உடையவை, நான்கு சில்லும் இழுக்கும் அமைப்புக் கொண்டவை, தென்னை வரிசைகளுக்கிடையே எளிதில் திரும்பக்கூடியவை. வடிவத்தை மட்டும் நோக்கினால் சிறு வளவுக்கு மூன்றாவது வகையே பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் ஜப்பானில் மட்டும் விற்பனைக்கு விடப்பட்ட மாதிரிகளுக்கு வெளிநாட்டுப் பாகப் பட்டியலே இருப்பதில்லை. தகடுகளிலும் நெம்புகோல்களிலும் உள்ள எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்கும். பம்பின் ஒரு சீல் பழுதானால் அளவெடுத்துத் தேட வேண்டியிருக்கும். மெசி பெர்குசனின் நிலை வேறு. 1964இல் வெளிவந்த 135 மாதிரியின் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினும், அதன் மரபில் சென்னையில் சிம்சன் நிறுவனம் டாபேக்குச் செய்துவரும் எஞ்சின்களும் நெருங்கிய உறவுடையவை; 1960இல் தொடங்கிய டாபேயின் பாகங்கள் இந்தியாவிலிருந்து தொடர்ந்து வருவதால், களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், அவற்றைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் அக்கரையிலும் இக்கரையிலும் உள்ளனர். பாகம் தேடி வாவியைக் கடந்து போகவேண்டிய ஊரில் இந்த வேறுபாடு, எஞ்சினின் வயதைவிட முக்கியமானது.

எனினும் பழைய மெசி பெர்குசன் லோடருக்கெனப் பிறந்த இயந்திரமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹரி பெர்குசன் 1920களில் வகுத்து, 1946இல் கொவென்றியில் உற்பத்தியான டிஇ20 மாதிரியில் உலகெங்கும் பரப்பிய முறை, கலப்பையை மூன்று இணைப்புகளால் பின்புறத்தில் மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்குவதாகும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப் கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ளே அமர்ந்து, கருவிகளைச் சுழற்றும் பின் தண்டின் வழியே இயக்கம் பெறுகிறது. ஆகவே ஒற்றைக் கிளச் உள்ள மெசினில் கிளச்சை மிதித்த கணமே பம்பும் நின்றுவிடும். கலப்பைக்கு இது குறையன்று. லோடருக்கோ, முன்னே போய் மண்ணில் குத்தி, நிறுத்தி, தூக்க வேண்டிய தருணத்தில் பக்கெட் அசையாமல் நிற்கும். இரட்டைக் கிளச் உள்ள மாதிரியில் மிதியைப் பாதியளவு அழுத்தினால் சில்லு நிற்கும், பம்ப் ஓடும். அதனினும் நல்லது, எஞ்சினின் முன்புறத்தில் லோடருக்கெனத் தனிப் பம்ப் பூட்டியிருப்பது. விற்பவர் லோடரை இயக்கிக் காட்டும்போது கிளச்சை மிதிக்கச் சொல்லிப் பார்த்தால், எது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சுமையின் கதையும் இதனோடு பிணைந்தது. உழவு இயந்திரத்தின் பாரம் இயல்பில் பின் அச்சில் நிற்கிறது. முன் அச்சு திசை காட்டுவதற்கே அமைந்தது. சிறிய லோடரின் சொந்த எடையே 200 கிலோ அளவுக்கு வரும். அதன்மேல் 300 கிலோ மண்ணும் சேர்ந்து சில்லுக்கு முன்னால் தொங்கும்போது, முன் அச்சு தாங்கும் பாரம் அவ்விரண்டின் கூட்டுத்தொகையையும் மீறுகிறது, பின் சில்லுகளோ நிலத்தைப் பற்றும் வலுவை இழக்கின்றன. ஆதலால் பின்புறத்தில் எதிர்பாரம் வேண்டும். மூன்று இணைப்பில் கொங்கிறீட் கட்டியைத் தொங்கவிடலாம், அல்லது பின் டயர்களில் முக்கால் பங்குவரை நீர் நிரப்பலாம், 12.4-28 அளவுள்ள டயர் ஒன்றில் ஏறத்தாழ 150 லீற்றர் கொள்ளும். இப்படி நீர் நிரப்பிய டயர் பழைய மெசினில் இருந்தால், றிம் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கிறதா என்று வால்வைச் சூழ்ந்த பகுதியைப் பார்ப்பது நல்லது. எதிர்பாரமின்றி ஆண்டுக்கணக்கில் ஓடிய லோடர் மெசின், முன் சில்லை ஜக்கில் தூக்கி ஆட்டும்போது தன் வரலாற்றைச் சொல்லிவிடும்: அச்சின் நடுவில் உள்ள பின் தேய்ந்து ஆடும், சில்லைத் தாங்கும் கிங்பின் தளர்ந்திருக்கும், சில்லுகள் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

இன்னொரு உண்மையைக் கார், லொறி பழகியவர்கள் எளிதில் மறக்கிறார்கள். பெரும்பாலான உழவு இயந்திரங்களுக்குத் தனியான சட்டகம் கிடையாது. எஞ்சின் உறையும் கிளச் உறையும் கியர்பெட்டியும் ஒன்றோடொன்று போல்ட்டால் இறுக்கப்பட்டு, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. நல்ல லோடர், பின் அச்சுவரை நீளும் இரும்புத் துணைச்சட்டத்தில் தாங்கப்பட்டிருக்கும். உள்ளூர் வெல்டிங் கடையில் அவசரத்துக்குச் செய்த லோடரோ எஞ்சின் பக்கத்துப் போல்ட் துளைகளிலேயே தொங்கும். ஒவ்வொரு குத்தலும் எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் மூட்டை வளைக்கும். அந்த மூட்டில் எண்ணெய்க் கசிவு, புதிய பெயின்ற், மீண்டும் வெல்டிங் செய்த தழும்பு, அளவு மாறிய போல்ட் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் விலை பேசுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைத்து வருவதே அறிவுடைமை. லோடரின் உருளைகளைச் சோதிப்பது எளிது: பக்கெட்டை நிரப்பித் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ஆட்களை விலக்கிவைத்துப் பத்து நிமிடம் பார்த்தால், சற்றே இறங்குவது வழமை, கண்ணெதிரே தரைக்கு வருவது பழுது. உருளையிலிருந்து வெளிநீளும் தண்டில் துருக்குழிகள் இருந்தால், சீலை எத்தனை முறை மாற்றினாலும் அது மீண்டும் அறுபடும். உப்பு கலந்த காற்றுள்ள வாவிக்கரையில் இது அரிதன்று.

மண்டூர்ப் பக்கத்தில் பழைய இயந்திரத்தின் முதல் எதிரி தண்ணீர். 2011 ஜனவரியில் மாவட்டத்தை மூழ்கடித்ததைப் போன்ற பெருவெள்ளத்தில் அகப்பட்ட மெசின்கள் கழுவிப் பெயின்ற் அடிக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. வெள்ளத்தை விட்டாலும், பெரும்போகத்தின் சேற்றுழவில் இரும்புச் சில்லுப் பூட்டி அச்சு மூழ்க ஓடிய மெசினின் பின் அச்சு சீல்கள் சேற்றுநீரை உள்ளே விட்டிருக்கக்கூடும். பழைய மெசி பெர்குசன் வகையில் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால், ஓரிடத்தில் புகுந்த நீர் பம்பையும் தின்றுவிடும். அளவுகோலில் ஒட்டிய எண்ணெய் பால்நிறமாக இருந்தால் நீர் கலந்திருக்கிறது. விற்பவர் அன்று காலைதான் எண்ணெய் மாற்றியதாகச் சொன்னால், அந்தச் சொல்லே ஒரு சான்று. இதற்கு மாறாக எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. குளிர்ந்த நிலையில் இருக்கும்போது போய், முதல் சுழற்சியில் பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப்புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வீசினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது இப்பகுதி கராஜ்களுக்குப் பழகிய வேலை. உடைந்த கியர்பெட்டி உறைக்குத்தான் மருந்தில்லை.

லோடரைக் கழற்ற முடியுமா என்பதும் சேற்றுழவோடு சேர்ந்த கேள்வி. நீர் கட்டிய வயலில் முன்னால் தொங்கும் 200 கிலோ, முன் சில்லுகளைச் சேற்றில் அமிழ்த்துவதற்கே பயன்படும். இரண்டு பின்களை உருவிக் குழாய்களைப் பிரித்து, லோடரை வளவில் நிறுத்திவிட்டுப் போகக்கூடிய அமைப்பு இருந்தால் ஒரே மெசின் இரண்டு வேலைக்கும் ஆகும். லோடரோடு வரம்பு ஏறவேண்டிய இடத்தில் பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகலாகாது. சுமையை உயர்த்தியபடி சரிவில் திரும்பிய மெசின் பக்கவாட்டில் கவிழும், பழைய மாதிரிகளில் ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டமும் கிடையாது.

இயந்திரம் எவ்வளவு நன்றாக இருப்பினும் ஆவணம் கெட்டிருந்தால் அது வாங்குபவருக்குச் சொந்தமாகாது. 2007 வரை போர் நிலவிய படுவான்கரையில் இடம்பெயர்வுகளில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. எஞ்சின் மாற்றிப் பூட்டுவதும் சாதாரணம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் உலோகத்தில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் முற்றுரிமையாளராக நின்றால், கடன் தீர்ந்த கடிதமின்றிப் பணம் கொடுப்பது ஆபத்து. முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு மெசின் பலர் கைமாறி வந்திருந்தால், அந்தக் கையொப்பக்காரரைத் தேடிப் பிடிப்பது வாங்குபவரின் பொறுப்பாகிவிடும். இங்கே குறிப்பாகக் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு: மணல் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியவளச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், அது இன்றி மணல் ஏற்றி அகப்பட்டு, நீதிமன்றத்தில் பிணையில் விடுவிக்கப்பட்டிருக்கும் மெசின் மலிவாக விற்பனைக்கு வரக்கூடும். வழக்கு முடியுமுன் அதை வாங்கியவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். லோடர் பூட்டிய மெசின் மணல் வேலைக்கு வசதியானது என்பதால் இந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்டுவிடுவது நல்லது. இழுவைப் பெட்டிக்குத் தனி இலக்கமும் தனிப் புத்தகமும் உண்டு. பெட்டியோடு விலை பேசினால் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். இரு சில்லு மெசினுக்கு உரிய ஜி1 வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் நாலு சில்லு மெசினுக்குச் செல்லாது. அதற்கு ஜி வகை வேண்டும்.

வாங்கும் காலத்தைத் தெரிவுசெய்வதிலும் நன்மை இருக்கிறது. பெரும்போக விதைப்பை எதிர்நோக்கும் ஆவணி, புரட்டாதியில் எல்லோருக்கும் மெசின் தேவைப்படுவதால் விலை இறங்காது, பார்த்துச் சோதிக்க நேரமும் கிடைக்காது. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து மெசின்கள் ஓய்வுக்கு வரும்போது, ஒரு போகம் முழுவதும் சேற்றில் உழைத்த நிலையில், சீல் கசிவும் அச்சுத் தளர்வும் மறைக்கப்படாமல் அவற்றைக் காணலாம். வாங்கியபின் எல்லா எண்ணெய்களையும் வடித்து மாற்றி, வடிகட்டிகளையும் குழாய்களையும் புதுப்பித்து, பின் அச்சு சீல்களைக் களுவாஞ்சிகுடியிலிருந்து தருவித்துப் பூட்ட அடுத்த மழைக்கு முன் ஆறு மாதம் இருக்கும்.