வலியைக் கேட்டவர்கள் பக்கவிளைவையும் கேட்கட்டும்

கருத்தடை மாத்திரை என்று உலகம் அறிந்த எனோவிட், கருத்தடைக்காகக் கடைக்கு வந்த மருந்தல்ல. 1957-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு முதலில் அனுமதி கொடுத்தது மாதவிலக்குக் கோளாறுகளுக்காக. கருத்தடைக்கான அனுமதி 1960-ல்தான் கிடைத்தது. மாதவிலக்கில் துடிக்கும் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுக்கும் வழக்கம் அப்படிப் பரவியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் திரும்பி வந்தால், 'ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிடும் வழக்கமும் கூடவே வந்தது. எனக்கு இந்த இரண்டாவது வழக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1956-ல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெட்ராஸ் பகுதியில், ஏழைக் குடியிருப்புப் பெண்களிடம் இந்த மாத்திரையின் பெரிய சோதனை தொடங்கியது. களத்தில் அதை நடத்தியவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். மாத்திரை சொன்ன வேலையைச் செய்கிறது என்று அவர் அறிக்கை எழுதினார். கூடவே, 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி வருகிறது, இத்தனை தொல்லையோடு இது எல்லோருக்கும் ஏற்றதாகாது என்றும் எழுதினார். மருந்தை உருவாக்கிய கிரெகரி பிங்கஸும் ஜான் ராக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் மனக்கற்பனை என்ற விளக்கமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பிங்கஸ் தன் கருத்துக்குச் சான்றும் தேடினார். தொந்தரவு வரலாம் என்று எச்சரித்துவிட்டு வெற்று மாத்திரை கொடுத்த பெண்களில் சிலருக்கும் குமட்டல் வந்தது. எச்சரிக்காமல் உண்மையான மாத்திரை கொடுத்தவர்களிடம் புகார் குறைந்தது. இதைப் பொய் என்று தள்ள முடியாது. எதிர்பார்ப்பு உடலில் வேலை செய்யும் என்பது இன்றும் ஏற்கப்பட்ட அறிவியல். ஆனால் அந்த மாத்திரையில் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்றைய மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் எத்தினைல் ஈஸ்ட்ராடயோல் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். பின்னாளில் அளவைக் குறைத்தபோது தொந்தரவுகளும் குறைந்தன. அந்தப் பெண்கள் சொன்னது மருந்தின் அளவைப் பற்றிய தகவல். அதைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

வலிக்கும் இதே கதிதான். மாதவிலக்கு வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக வீடும் மருத்துவமனையும் நெடுநாள் நடத்தின. எனோவிட் அனுமதி பெற்ற அதே 1957-ல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வி.ஆர். பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிலக்கு உதிரத்தில் தசையைச் சுருங்கவைக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். அதுவே புரோஸ்டாகிளாண்டின் என்று பின்னர் தெரிந்தது. மாதவிலக்கு நெருங்கும்போது புரொஜெஸ்டிரோன் இறங்குகிறது. உடனே கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின்களைச் சுரக்கிறது. அவை கருப்பைத் தசையைப் பிழிகின்றன. ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, தசைக்குப் பிராணவாயு குறைகிறது, வலி கிளம்புகிறது. குடல் தசையையும் அவை தூண்டுவதால்தான் பலருக்கு அந்த நாட்களில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்கிறது.

மெஃபெனாமிக் அமிலம், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்தச் சுரப்பைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவற்றால் அழிக்க முடியாது. தாங்க முடியாத கட்டம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டால் பலன் குறைவது அதனால்தான். வலி தொடங்கும்போதே, சாப்பிட்டபின், மருத்துவர் சொன்ன அளவில் போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மெஃபெனாமிக் அமிலத்தால் காய்ச்சலும் தோல் தடிப்பும் உள்ளுறுப்புப் பாதிப்புமாக ஓர் ஒவ்வாமை அபூர்வமாக வரலாம் என்று இந்திய மருந்தகக் குறிப்பேட்டு ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்திருக்கிறது.

உதிரப்போக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய ஆய்வு அளவுகோல். எந்தப் பெண் அளந்து பார்க்க முடியும்? பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் வேறு விதமாகக் கேட்கிறது: போகிற உதிரம் உங்கள் உடல், மனம், அன்றாட வாழ்வைக் குலைக்கிறதா? குலைக்கிறதென்றால் அது அதிகம்தான். மணிக்கொரு நாப்கின் மாற்றுவதும், கட்டி கட்டியாகப் போவதும், இரவில் படுக்கை நனைவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. 80 மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போய்விடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொல்பவர்கள், மாதந்தோறும் எவ்வளவு போகிறது என்று கேட்பதேயில்லை.

ஹார்மோன் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-ல் அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலம், உறைந்த ரத்தம் கரைவதைத் தடுத்து, உதிரப்போக்கை ஏறக்குறைய பாதிவரை குறைக்கிறது. உதிரம் அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் போட்டால் போதும். முன்பு ரத்த உறைவு வந்தவர்களுக்கு இது ஆகாது.

ஹார்மோன் மருந்துகளை நான் எதிர்ப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் சாதனம் பலரைக் கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்டோமெட்ரியோசிஸுக்கு டைனோஜெஸ்ட் மாத்திரை பெரிய துணை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. சாதனம் வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டேயிருக்கலாம். டைனோஜெஸ்டிலும் அப்படியே. சூலகத்தை உறங்கவைக்கும் லியூப்ரோலைடு ஊசி முதல் சில வாரங்கள் தொல்லையைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். பிறகு இளம் வயதிலேயே உடல் தகிக்கும், எலும்பின் அடர்த்தி குறையும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை போடுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 5 முதல் 12 பேருக்கு ரத்த உறைவு வரலாம். போடாதவர்களில் அது சுமார் 2. எண்ணிக்கை சிறியதுதான். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை இல்லாத தலைவலி, பார்வை மங்கல் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் மின்னல் தெரிந்தபின் ஒற்றைத் தலைவலி வரும் பெண்களுக்கு இந்த மாத்திரையை எழுதவே கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இதன் கருத்தடைப் பலன் குறைந்துவிடும்.

மனசு விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்களிடம் மனச்சோர்வு மருந்து தொடங்குவது சற்று அதிகம் என்றது. பதின்வயதுப் பெண்களிடம் அது இன்னும் அதிகம். காரணம் மருந்தேதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வாழவே பிடிக்காத அளவுக்கு மனம் சரியும் பிஎம்டிடி என்ற நிலையும் உண்டு. 1998-ல் ஷ்மிட், ருபினோ குழுவினர் காட்டியது முக்கியமானது: இப்பெண்களுக்கு ஹார்மோன் அளவு பிசகவில்லை, இயல்பான ஏற்ற இறக்கத்துக்கே அவர்கள் மூளை வேறு விதமாக எதிர்வினை செய்கிறது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு! மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் இவர்களில் பலருக்கு நன்றாகக் கேட்கும். மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலும் போதுமானதாக இருக்கலாம்.

நம் ஊரில் ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் மருத்துவர் வழியாகக்கூட வருவதில்லை. வீட்டில் கல்யாணம், கோயில் திருவிழா, சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று ஏதாவது வந்தால், யாராவது மருந்துக் கடைக்குப் போய் நாள் தள்ளிப்போகும் மாத்திரை வாங்கிவருகிறார்கள். பெரும்பாலும் அது நாரெத்திஸ்டிரோன். நாளுக்கு மூன்று வேளை என்ற அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு ரத்த உறைவு வந்தவளா, அந்த ஒற்றைத் தலைவலி உள்ளவளா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. வலி மாத்திரையிலும் இதே கதை. தமிழக ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஏறக்குறைய நூறு பெண்களைச் சந்தித்து 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட செய்தி, மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் அங்கே தரப்பட்டதைச் சொன்னது. பக்கவிளைவு என்ன என்று எவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

முன்கூட்டியே சொன்னால் பயந்து நிறுத்திவிடுவார்கள் என்று வாதிடும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் தரப்படும் மூன்று மாதக் கருத்தடை ஊசியின் மருந்தை வைத்தே இதற்குப் பதில் இருக்கிறது. சீனாவிலும் மெக்சிகோவிலும் நடந்த ஆய்வுகளில், மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகலாம், அதில் ஆபத்தில்லை என்று முதலிலேயே விளக்கிச் சொல்லப்பட்ட பெண்களில், பாதியில் நிறுத்தியவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. சொன்னதால் அவர்கள் பயந்து ஓடவில்லை.

எனவே மருந்து தொடங்கும் முன்பே ஒரு நோட்டை எடுங்கள். தேதி, உதிரத்தின் அளவு, வலி, தூக்கம், மனநிலை, மருந்தின் பெயர், அது தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். பிஎம்டிடியை உறுதிசெய்யவே இரண்டு மாதப் பதிவு வேண்டும். என்ன தொல்லை வரலாம், எத்தனை மாதம் பொறுக்கலாம், எது வந்தால் ஓடி வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொல்லை வந்து, கேட்பார் இல்லையென்றால், நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம். மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான புகார்ப் படிவம் தமிழிலும் இருக்கிறது.