டர்போ கார் வாங்கினார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தார்கள்!
கம்பெனியே கழற்றிக் கொடுத்த கதை

காருக்கு பெட்ரோல் போடுவோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவோம். ஆயில் பார்ப்போம். இந்த மூன்றும் போதாது, நாலாவதாக இன்னொரு "தீர்த்தம்" ஊற்றினால்தான் கார் பறக்கும் என்றால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில் அப்படி ஒரு கார் வந்தது. பெயர் "ஜெட்பயர்". ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஓல்ட்ஸ்மொபில் பிரிவு 1962 ஏப்ரலில் அதை வெளியிட்டது. பெட்ரோல் காரில் டர்போ வைத்துக் கடைக்குக் கொண்டுவந்த முதல் கார்களில் அது ஒன்று. பணம் கட்டி வாங்கியவர்கள் பலர், இரண்டு மூன்று வருஷத்தில், "இந்த டர்போவே வேண்டாம், கழற்றிக் கொடு" என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்!

ஏன்? எங்கே கோளாறு?

ஓசிக் காற்று

முதலில் டர்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். என்ஜினில் எரிந்த புகை சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிறது. அந்தப் புகையை ஒரு சின்னக் காற்றாடி மீது மோதவிட்டால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். கூடுதல் பெட்ரோல் எரிந்தால் கூடுதல் சக்தி. அவ்வளவுதான் சங்கதி. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி 1905-லேயே இதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார்.

"வீணாப் போற புகைதானே, ஓசியில சக்தி கிடைக்குதே!" என்று தோன்றும். ஓசியில் கிடைப்பதற்கும் பின்னால் ஒரு பில் வரும். அந்த பில் என்ஜினுக்குள்ளே வருகிறது.

"டக்... டக்..." சத்தம்

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகின்றன. பிஸ்டன் அதை நசுக்குகிறது. நசுக்க நசுக்கச் சூடு ஏறும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாது. சரியான நேரத்தில் பிளக் பொறி விட்டால் கலவை சீராக எரிந்து பிஸ்டனைத் தள்ளும். சூடும் அழுத்தமும் அளவு மீறினால், மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது பழைய கார்களில் "டக் டக்" என்று கேட்குமே, மெக்கானிக்குகள் "நாக் அடிக்குது" என்பார்களே, அதுதான் இது.

சாதாரண காரில் இது சின்னத் தொல்லை. டர்போ காரில் இது எமன். சுத்தியலால் அடித்தது போல பிஸ்டன் தலையில் விழும். ஹெட் கேஸ்கெட் போகும். ரிங் உடையும். பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடும்.

ஜெட்பயர் என்ஜினீயர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் எடுத்தது 3.5 லிட்டர் அலுமினிய வி-8 என்ஜின். அதன் அழுத்த விகிதம் ஏற்கனவே 10.25-க்கு 1. அதாவது கலவையைப் பத்தில் ஒரு பங்காக நசுக்குவது. அது போதாதென்று மேலே 5 பவுண்டு அழுத்தத்தில் டர்போ காற்று! நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பவுண்டு என்பதால், மூன்றில் ஒரு பங்கு அதிகம் திணித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரணமாக 155 குதிரைச் சக்தி கொடுத்த அந்த அளவு என்ஜின், டர்போவோடு 215 கொடுத்தது. என்ஜின் அளவும் 215 கன அங்குலம்தான். ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை! விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

தீர்த்தம் வந்தது

சரி, நாக் அடிக்காமல் இருக்க என்ன செய்தார்கள்? அங்கேதான் "தீர்த்தம்" வருகிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி, மெத்தனால் பாதி, துரு பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. "டர்போ ராக்கெட் திரவம்" என்று பெயர் சூட்டினார்கள். டர்போ வேலை செய்யும்போது இந்தத் திரவம் காற்றோடு கலந்து உள்ளே பீச்சப்படும். சூடு இறங்கும், நாக் அடிக்காது. இந்த முறை போர் விமானங்களில் முன்பே பயன்பட்டதுதான். விமானத்துக்கு ஒரு மெக்கானிக் கூட்டமே பின்னால் நிற்கும். காருக்கு யார் இருக்கிறார்கள்? ஐயாவும் அம்மாவும்தான்!

திரவம் தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். காற்று வழியில் ஒரு வால்வு மூடிக்கொண்டு சக்தியைக் குறைத்துவிடும். என்ஜினைக் காப்பாற்ற நல்ல ஏற்பாடுதான். நடந்தது வேறு. ஊற்ற மறந்தவர்கள், "கார் இழுக்கலே" என்று டீலரிடம் வந்து நின்றார்கள். தொட்டி, டியூப், வால்வு என்று வரிசையாக இருந்ததில் ஒரு இடத்தில் கசிந்தாலும் அதே கதை. பல டீலர் கடை மெக்கானிக்குகளுக்கே இது புது வித்தை.

இரண்டு வருஷத்தில் சுமார் 9,600 கார்கள் விற்றன. 1963-ஓடு ஜெட்பயருக்கு மூடுவிழா. 1965-ல், வேண்டியவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர கம்பெனியே முன்வந்தது. காசு வாங்காமல்!

என்ஜின் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் உடன்பிறப்பான பியூக் அலுமினிய வி-8 என்ஜினை இங்கிலாந்து ரோவர் கம்பெனி வாங்கிக்கொண்டுபோய், ரேஞ்ச் ரோவர் வரை பல கார்களில் ஏறக்குறைய 40 வருஷம் ஓட்டியது.

அண்ணன் தம்பி இரண்டு வழி

வேடிக்கை என்னவென்றால், அதே ஜெனரல் மோட்டார்சின் செவர்லே பிரிவும் அதே 1962-ல் "கார்வேர்" காரில் டர்போ வைத்தது. அவர்கள் தீர்த்தம் எதையும் நம்பவில்லை. அழுத்த விகிதத்தை 8-க்கு 1 என்று குறைத்தார்கள். உள்ளே உறுதியான பாகங்கள் போட்டார்கள். லேசாக மிதித்தால் கார் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் 1966 வரை டர்போ கார்வேர் விற்றது.

பிற்பாடு ஸ்வீடனின் சாப் கம்பெனியும் இதே வழிக்கு வந்தது. 1977-ல் காட்டிய "சாப் 99 டர்போ"வில் அழுத்த விகிதம் 7.2 மட்டுமே. அழுத்தம் மிஞ்சினால் புகையை வேறு வழியில் திருப்பிவிட ஒரு வால்வு. 1980-களின் தொடக்கத்தில் என்ஜின் மேலேயே ஒரு "காது" வைத்தார்கள். நாக் சத்தம் கேட்ட மாத்திரத்தில் டர்போ அழுத்தத்தை அது குறைத்துவிடும். இன்று ஷோரூமில் நிற்கும் டர்போ பெட்ரோல் கார்களில் இந்தக் காது இருக்கிறது.

நம்ம வண்டிக்கு மாட்டலாமா?

"அப்போ என் பழைய காருக்கும் ஒரு டர்போ வாங்கி மாட்டிட்டா?" என்று கேட்கும் இளவட்டங்கள் உண்டு. மாட்டுவது ஒரு வாரத்து வேலை. மாட்டிய பிறகு ஓடவைப்பதுதான் வேலை!

ரிங் தேய்ந்து, ஆயில் புகைக்கும் என்ஜினில் டர்போ வைப்பது, வயசான மாட்டை இரட்டைப் பாரம் இழுக்கவிடுவது மாதிரி. முதலில் கம்ப்ரஷன் பார்க்கவேண்டும். அப்புறம் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் கூடுதல் பெட்ரோல் கொடுக்குமா என்று பார்க்கவேண்டும். காற்று ஏறி பெட்ரோல் ஏறாவிட்டால் சூடு எகிறி பிஸ்டன் உருகும். டர்போவில் நசுங்கிச் சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். பொறி விடும் நேரத்தைத் தள்ளிவைக்க கம்ப்யூட்டரில் மாற்றம் வேண்டும். அதை ரோட்டில் விரட்டிப் பார்த்துச் செய்யக்கூடாது. டைனோ மீது ஏற்றி, படிப்படியாகச் செய்யவேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் செலவு தனி. டர்போ விலையைவிட இந்தச் சில்லறை அதிகம் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இன்னொன்று ஆயில். டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஹைவேயில் விரட்டிவந்து டக்கென்று சாவியைத் திருப்பினால், பக்கத்திலிருக்கும் புகைச் சூட்டில் ஆயில் கரியாகிவிடும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். இது ஷோரூம் டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும்தான்.

"லாரியில, பஸ்ஸில எல்லாம் டர்போ இருக்கே?" நியாயமான கேள்வி. டீசல் என்ஜினில் முதலில் காற்றை மட்டும்தான் நசுக்குகிறார்கள்; டீசல் கடைசியில்தான் வரும். முன்கூட்டியே வெடிக்க உள்ளே எதுவும் இல்லை. மாலையில் வீடு திரும்பும்போது டீசல் பஸ் கிளம்புகையில் "ஊஊய்" என்று ஒரு விசில் கேட்டால், அது கண்டக்டர் விசில் அல்ல, டர்போ!

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம்.

ஜெட்பயர் என்ன ஆயிற்று? கழற்றி எடுக்கப்பட்ட டர்போக்களில் பெரும்பாலானவை காயலான் கடைக்குத்தான் போயின. ஒரிஜினல் டர்போவோடு மிஞ்சியிருப்பவை கொஞ்சம். அமெரிக்காவில் பழைய கார் பிரியர்கள் இன்று அந்தப் பாகங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். தண்ணீரையும் மெத்தனாலையும் அவர்களே கலந்து ஊற்றிக்கொள்கிறார்கள். மறக்காமல்!