முட்டை விலையும் ஆர் மொழியும்: எரர் காட்டாத தவறுகள்

புரோகிராம் எழுதுபவர்களுக்கு எரர் மெசேஜ் என்றாலே எரிச்சல்தான். ஆனால் ஆர் மொழியைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, எரர் காட்டி நின்றுவிடும் புரோகிராம் எவ்வளவோ மேல் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். எந்த மெசேஜும் தராமல், சரியானது போலவே தோன்றும் ஒரு தவறான விடையைத் தரும் புரோகிராம்தான் ஆபத்தானது. நாமக்கல் முட்டை விலைக் கணக்கில் நான் மாட்டிக் கொண்ட கதையோடு, ஆர் மொழியில் புதிதாக நுழைபவர்கள் விழும் சில பள்ளங்களையும் இங்கே பார்ப்போம்.

முதலில் ஆர் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976-இல் உருவாக்கத் தொடங்கிய எஸ் என்ற புள்ளியியல் மொழியின் வழியில் வந்தது இது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஆர் எழுத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் பெயர்க் காரணம் புரியும். முதல் முழுமையான பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியானது. கிரான் தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் டைப் செய்திட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை ஆர் கண்டிப்பாகப் பார்க்கும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

மாமாவின் நோட்டுப் புத்தகம்

மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மாமா, தினமும் பேப்பரில் வரும் முட்டை விலையை ஒரு நோட்டில் குறித்து வைப்பவர். நாமக்கல் மண்டலத்துக்கான பண்ணை விலையை அறிவிப்பது, 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. ஆனால் அப்போது பண்ணையாளர் கையில் அந்த விலை அப்படியே வந்ததில்லை. வியாபாரி சில காசுகள் குறைத்துத்தான் எடுத்தார். அந்தக் குறைப்புக்கு எங்கள் பக்கத்தில் 'மைனஸ்' என்று பெயர். காசுதானே என்று நினைக்க வேண்டாம். தினம் 10,000 முட்டை அனுப்பும் பண்ணைக்கு ஒரு முட்டைக்கு 25 காசு மைனஸ் என்றால் நாளொன்றுக்கு 2,500 ரூபாய், 30 நாளைக்கு 75,000 ரூபாய்.

2019-இல் ஒரு நாள் மாமா அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, உண்மையில் சராசரியாக எவ்வளவு மைனஸ் போகிறது என்று பார்க்கச் சொன்னார். வியாபாரியிடம் பேசுவதற்குக் கையில் ஒரு கணக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம். எக்ஸெல்லில் டைப் செய்து, சிஎஸ்வி பைலாக சேவ் செய்து, ஆர் தொகுப்பில் திறந்தேன். (கீழே வரும் விலைகளைப் புரிந்து கொள்ள வசதியாக எளிமைப்படுத்தி இருக்கிறேன்.)

சோதனைக்கு முதல் வாரத்தை மட்டும் எடுத்தேன். 460, 460, 465, அடுத்த நாள் விலை இல்லை என்பதால் ஒரு சிறு கோடு, பிறகு 470, 470, 475. சராசரி காணும் மீன் கட்டளையைக் கொடுத்தால், இது எண் அல்ல என்ற எச்சரிக்கையுடன் என்ஏ என்று வந்தது. சரி, எண்ணாக மாற்றிவிடுவோம் என்று ஆஸ்.நியூமெரிக் கட்டளையைப் பயன்படுத்தினேன். இப்போது எச்சரிக்கை எதுவும் இல்லை. சராசரி 3 என்று பளிச்சென்று விடை வந்தது!

காசுக் கணக்கு என்பதால் தப்பித்தேன். ரூபாயில் எழுதியிருந்தால், முட்டை மூன்று ரூபாய் என்று நம்பியே இருப்பேன்.

நடந்தது இதுதான். ஒரு காலத்தில் ஒரே ஒரு எண் அல்லாத குறி இருந்தால்கூட, ரீட்.சிஎஸ்வி கட்டளை அந்தக் காலம் முழுவதையும் எழுத்தாகக் கொள்ளும். அன்றைய ஆர் பதிப்புகள் அதோடு நிற்காமல் அதனை 'ஃபேக்டர்' என்ற வகையாகவும் மாற்றிவிடும். ஃபேக்டர் என்பது ரேஷன் கடை டோக்கன் போல. ஒவ்வொரு தனி மதிப்புக்கும் ஒரு வரிசை எண் தரப்படும். இங்கே கோட்டுக்கு 1, 460-க்கு 2, 465-க்கு 3, 470-க்கு 4, 475-க்கு 5. எண்ணாக மாற்று என்று நான் சொன்னதும், ஆர் விலையைத் தராமல் டோக்கன் எண்ணைத் தந்துவிட்டது. 2, 2, 3, 1, 4, 4, 5 இவற்றின் கூட்டல் 21. ஏழால் வகுத்தால் 3. கணக்கு என்னவோ சரிதான்!

ஃபேக்டரை எண்ணாக்க, முதலில் ஆஸ்.கேரக்டர் மூலம் எழுத்தாக்கி, பிறகு ஆஸ்.நியூமெரிக் தர வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து ரீட்.சிஎஸ்வி தானாக ஃபேக்டராக மாற்றுவதில்லை. ஆனால் பழைய பதிப்புக்காக எழுதப்பட்ட பாடப் புத்தகங்களும் புரோகிராம்களும் இன்னும் சுற்றிக் கொண்டிருக்கின்றன. நாமே ஃபேக்டராக மாற்றிய காலத்துக்கும் இந்த ஆபத்து இன்றும் உண்டு.

கோட்டுக்குப் பதில் பூஜ்யம்

இந்தக் கோடுதானே தொல்லை என்று, அடுத்து நான் செய்த காரியம் இன்னும் மோசம். எக்ஸெல்லுக்குத் திரும்பி, கோடுகளை எல்லாம் 0 என்று மாற்றிவிட்டேன். இப்போது எல்லாம் எண்கள். மாதம் முழுவதற்கும் சராசரி கேட்டேன். 434 காசு என்றது. வியாபாரி கொடுத்த விலையின் சராசரி 440. பார்த்தால் மைனஸே இல்லை. அறிவித்த விலைக்கு மேல் 6 காசு!

மாமாவிடம் சொன்னேன். "ஏனுங்க மாப்ளே, அப்ப ஏவாரி மேலயேதான் குடுத்திருக்கறாரா? நாந்தான் தப்பா நெனைச்சுட்டனா?" என்றார். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக் கொண்டே இருந்தவர், "இந்த மாசம் வெல நானூத்தி அறுவதுக்குக் கீழ எறங்கவே இல்லீங்களே. சராசரி எப்படிங்க நானூத்தி முப்பத்து நாலு வரும்?" என்று கேட்டார்.

சராசரி எந்தக் காலத்திலும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகாது. கம்ப்யூட்டர் தொடாத மாமாவுக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை. 30 நாளில் 2 நாள் விலை இல்லை. மீதி 28 நாளின் சராசரி 465. அந்த இரண்டு நாளும் முட்டை இலவசம் என்று நான் கணக்கில் சேர்த்ததால் 434 ஆகிவிட்டது. உண்மையான மைனஸ் 25 காசு. அன்று மாமா நோட்டைப் புரட்டாமல் போயிருந்தால், வியாபாரியிடம் பேச வேண்டாம் என்று விட்டிருப்பார்.

சரியான வழி மிக எளிது. பைலைத் திறக்கும்போதே, ரீட்.சிஎஸ்வி கட்டளையில் என்ஏ.ஸ்டிரிங்ஸ் என்ற இடத்தில் கோட்டுக் குறியைக் கொடுத்துவிட்டால் போதும். கோடு உள்ள இடமெல்லாம் என்ஏ, அதாவது 'தெரியாது' என்று பதிவாகும். காலம் எண்ணாகவே இருக்கும். பிறகு மீன் கட்டளையில் என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ என்று அமைத்தால், தெரியாத நாட்களை விட்டுவிட்டுச் சராசரி தரும்.

பலரும் கேட்கும் கேள்வி: ஒரு என்ஏ இருந்தால் மொத்தக் கூட்டலும் ஏன் என்ஏ ஆகிறது? ஒரு நாள் விலை தெரியாது என்றால் மொத்தமும் தெரியாதுதானே. ஆர் நேர்மையாக நடந்து கொள்கிறது, அவ்வளவுதான். இதே காரணத்தால், ஒரு மதிப்பு என்ஏவுக்குச் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுச் சோதித்தால் ஆம், இல்லை எதுவும் வராது. என்ஏ என்றே வரும். இஸ்.என்ஏ கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொன்றும் யோசிக்கவும். அறிவிப்பு வராத நாளில் முந்தைய நாள் விலையே தொடரும் என்றால், அந்த நாளை விட்டுவிடுவதும் சரியல்ல. முந்தைய விலையை நிரப்ப வேண்டும். ஜூ என்ற பேக்கேஜில் இதற்கு என்ஏ.எல்ஓசிஎஃப் என்ற கட்டளை உள்ளது. எது சரி என்பதை ஆர் சொல்லாது. நோட்டு எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

கி.பி. 5-ஆம் ஆண்டு முட்டை விலை

தேதியில் ஏற்படும் குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். நாம் 05/06/2019 என்று எழுதினால் ஜூன் 5. ஆஸ்.டேட் கட்டளையிடம் இதை அப்படியே கொடுத்தால், அது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் படிக்கும். எனவே ஆண்டு 5, மாதம் 6, நாளுக்கு 2019-இன் முதல் இரண்டு இலக்கமான 20. ஆக, கி.பி. 5-ஆம் ஆண்டு ஜூன் 20! எரர் கிடையாது. 2019 ஜூன் 5, 2024 ஜூன் 5 இரண்டுமே இதே தேதியாக மாறி ஒன்றாகக் கலந்துவிடும்.

அமைப்பை நாமே தர வேண்டும். ஃபார்மட் என்ற இடத்தில் சதவீதக் குறியுடன் டி, எம், ஒய் எழுத்துகள். இதில் டி, எம் இரண்டும் சிறிய எழுத்து. ஒய் மட்டும் பெரிய எழுத்து. அதைச் சிறிய எழுத்தாகப் போட்டால் இரண்டு இலக்க ஆண்டு என்று பொருள். அப்போது 2019-இல் 20-ஐ மட்டும் எடுத்துக் கொண்டு 2020 ஜூன் 5 என்று தரும். கி.பி. 5 என்றாலாவது சிரித்துவிட்டுத் திருத்துவோம். 2020 என்பது நம்பும்படி இருப்பதுதான் சிக்கல்.

பாதி வரிகள் காணோம்

ஒரு பைலில் ஒவ்வொரு நாளுக்கும் நாமக்கல், சென்னை, ஹைதராபாத் என்ற வரிசையில் விலைகள் இருக்கின்றன. 30 நாளுக்கு 90 வரிகள். நாமக்கல், சென்னை இரண்டை மட்டும் எடுக்க, ஊர் என்ற காலத்துக்கு எதிரே இரட்டைச் சமக்குறி போட்டு இரு பெயர்களையும் தருகிறீர்கள். 60 வரி வர வேண்டும். வருவது 30 வரிதான்!

காரணம், ஆர் குட்டையான பட்டியலைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீளமான பட்டியலோடு பொருத்தும். முதல் வரி நாமக்கல்லா, இரண்டாவது சென்னையா, மூன்றாவது நாமக்கல்லா என்று மாறி மாறிக் கேட்கிறது. அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் விடுபட்டுப் போகிறது. 90 என்பது இரண்டால் மீதியின்றி வகுபடும் என்பதால் எச்சரிக்கையும் வராது. சமக்குறிக்குப் பதில் %இன்% என்ற குறியைப் பயன்படுத்தவும்.

ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக் கொள்ள விரும்புபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'மோகனூர்' என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆருக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ஸ்டிரிங்கி பேக்கேஜில் உள்ள என்எஃப்சி மாற்றத்தை ஒருமுறை செய்துவிட்டால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். எழுத்து எண்ணும் என்கேர் கட்டளை 'நாமக்கல்' என்பதற்கு 5 என்று சொல்லாமல் 8 என்று சொல்வதும் இப்படித்தான். கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. விண்டோஸில் தமிழுக்குப் பதில் குறியீட்டு எண்கள் தெரிந்தால், 2022-இல் வந்த 4.2.0 அல்லது அதற்குப் பிந்தைய ஆர் பதிப்பை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். விண்டோஸும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும்.

சில்லறைக் கோளாறுகள்

விலையை ரூபாயில் எழுதி நூறால் பெருக்குவதைத் தவிர்க்கவும். 4.35-ஐ 100-ஆல் பெருக்கி ஆஸ்.இன்டிஜர் மூலம் முழு எண்ணாக்கினால் 434 வரும். கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் 4.35 துல்லியமாக அடங்குவதில்லை. பெருக்கல் விடை 435-க்கு ஒரு இம்மி குறைவாக நின்றுவிடும். தொடக்கத்திலிருந்தே காசில் எழுதுங்கள், அல்லது ரவுண்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ரவுண்டிலும் ஒரு விஷயம் உண்டு. 462.5 என்பது 462 ஆகும். 463.5 என்பது 464 ஆகும். சரிபாதி வந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். பள்ளியில் படித்தது வேறு என்பதால் பலர் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள்.

மைனஸ் கணக்குப் போடுபவர்கள் இடைவெளி விட்டு டைப் செய்யப் பழகவும். வித்தியாசம் மைனஸ் 25-ஐ விடக் குறைவா என்று சோதிக்க, சிறியது குறியையும் கழித்தல் குறியையும் ஒட்டி எழுதினால் அது அம்புக்குறி ஆகிவிடும். ஆர் மொழியில் அம்புக்குறிக்கு 'இந்த மதிப்பை வைத்துக் கொள்' என்று பொருள். ஒரு மாத வித்தியாசம் முழுவதும் அழிந்து, அங்கே 25 என்ற ஒரே எண் உட்கார்ந்திருக்கும். நானே இரண்டு முறை அனுபவித்தாயிற்று.

இப்போதெல்லாம் பைலைத் திறந்ததும் சராசரிக்குப் போவதில்லை. எஸ்டிஆர் கட்டளை கொடுத்து எந்தக் காலம் எண், எது எழுத்து என்று பார்த்துவிட்டு, சம்மரி கட்டளை கொடுத்துக் குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை என்ஏ என்று பார்க்கிறேன். அன்று சம்மரி கொடுத்திருந்தால் குறைந்தபட்ச விலை 0 என்று முதலிலேயே காட்டியிருக்கும்.

மாமாவும் மாறிவிட்டார். கோடு போட்டதால்தான் குழப்பம் என்று, விலை வராத நாளில் இப்போது 'விடுமுறை' என்று எழுதுகிறார். சில நாள் பழக்க தோஷத்தில் கோடும் போட்டுவிடுகிறார். ஆகவே என் புரோகிராமில் என்ஏ.ஸ்டிரிங்ஸ் இடத்தில் இப்போது கோடு, விடுமுறை இரண்டும் இருக்கின்றன.