மருந்து இருந்தும் சேரவில்லை

வீட்டிற்குள் இணையத்தைக் கொண்டுவரும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டியும் ஒரு கணினியே. அதனை இயக்கும் உள்நிரலை ‘ஃபர்ம்வேர்’ என்பர். அந்நிரலில் பிழையிருப்பின், பூட்டிய வீட்டின் பின்கதவு திறந்து கிடப்பதற்கு ஒப்பாகும்.

2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனத்தார் அத்தகைய பிழையொன்றை அறிவித்து, ‘மிஸ்ஃபார்ச்சூன் குக்கி’ எனப் பெயரிட்டனர். பல ரௌட்டர்களில் இருந்த ‘ரோம்பேஜர்’ என்னும் நிரலின் பழைய பதிப்பில் அஃது இருந்தது. ‘குக்கி’ என்பது இணையத்தில் அடையாளங் காண உதவும் சிறு குறிப்பு. அதனைத் தீய முறையில் அமைத்து அனுப்பினால் பெட்டியின் நினைவகம் குழம்பும். கடவுச்சொல் இன்றியே ஆட்சி பகைவர் கைக்குப் போய்விடும். 189 நாடுகளில் குறைந்தது 1 கோடியே 20 இலட்சம் கருவிகள் இந்நிலையில் இருந்தனவாம்.

வியப்பு யாதெனில், ரோம்பேஜரை ஆக்கிய அலெக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே பிழையைத் திருத்திவிட்டது. ஆயினும் பழைய பதிப்பே பெட்டிகளில் தொடர்ந்து வந்தது. மருந்து இருந்தும் நோயாளியிடம் சேரவில்லை!

ஆதலின், கடவுச்சொல்லை மாற்றுவது நன்றேயாயினும் அது மட்டும் போதாது. தயாரிப்பாளர் தரும் புதிய ஃபர்ம்வேரைப் பதிக்க வேண்டும். வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதியை மூட வேண்டும். திருத்தம் வருவது நின்றுபோன பெட்டியை மாற்ற வேண்டும். மழைக்கு முன் கூரையைப் பார்க்கும் நாம், இப்பெட்டியையும் பார்ப்போமாக.